ஆதன் தன் சந்தேகத்தை விசாரித்த கதை

முன்னொரு காலத்தில் ஓர் அரசன் இருந்தான். அவன் பெயரை நான் சொல்லப்போவதில்லை. வேண்டிய மட்டும் அதை அவனே கல்லில் வெட்டி வைத்துக்கொண்டான். அந்தக் கல்லை மலையிலிருந்து இழுத்து வந்தவர்களின் கதை இது. கேளுங்கள்.

கோட்டைக்குக் கல் இழுத்த கூட்டத்தில் வடத்தின் முன்பிடி ஆதனுடையது. முன்பிடிக்காரன் குரல் கொடுத்தால் வடம் நகரும். வாயை மூடினால் நிற்கும். ஒருநாள் உச்சி வெயிலில் ஆதன் வாயை மூடினான். இழுப்பவர்களுக்கு நிழலும் ஓய்வும் கிடைக்கும்வரை திறக்கவில்லை. அன்றிலிருந்து அரசனின் கண்காணிக்கு அவன் கண்ணில் விழுந்த தூசி.

பிறகு ஒரு மழைநாளில் சரிவில் கல் நழுவியது. ஆதனின் முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்தது. வைத்தியச்சி மருதி எலும்பைக் கூட்டி, மூங்கில் பத்தை வைத்துக் கட்டினாள். கட்டு அவிழும்வரை கால் தரையில் படக்கூடாது என்றாள். பட்டால் அந்தக் காலை மறந்துவிட வேண்டியதுதான் என்றாள்.

கல் இழுப்பவர்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. அடிபட்டுக் கிடப்பவன் காதுபட வடத்தைப் பற்றியோ கல்லைப் பற்றியோ பேசக்கூடாது. பேசினால் கூடுகிற எலும்பு அசையும் என்று நம்பினார்கள். யார் கிளப்பிவிட்ட வழக்கமோ! அது எலும்புக்கு என்ன செய்தது என்று எனக்குத் தெரியாது. மனதுக்கு என்ன செய்தது என்று பாருங்கள்.

தோழன் பூதன் தினமும் வந்தான். மழையைப் பற்றிப் பேசினான், ஆட்டைப் பற்றிப் பேசினான், அடுத்த ஊர்ச் சண்டையைப் பற்றிப் பேசினான். வடத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை.

மல்லாந்து கிடந்த ஆதனுக்குக் கூரையைத் தவிர வேறு துணையில்லை. பூதன் எதை மறைக்கிறான்? சந்தேகம். மருதி ஏன் கட்டை இவ்வளவு இறுக்குகிறாள், கால் கோணிப் போகட்டும் என்று யாராவது சொல்லிவைத்தார்களா? சந்தேகம். மனைவி சாத்தி விடிந்ததும் எங்கே போகிறாள், சோறு போடும்போது ஏன் உள்ளங்கையை மறைக்கிறாள்? அதுதான் பெரிய சந்தேகம்.

சோறு இறங்கவில்லை. தூக்கம் பிடிக்கவில்லை. தெருவில் யார் சிரித்தாலும் தன்னைப் பார்த்துத்தான் என்று நினைத்தான். எலும்பு கூடுகிறது, ஆள்தான் கரைகிறான் என்றாள் மருதி. அதையும் அவன் நம்பவில்லை.

அந்த நேரம் பார்த்து, ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு கண்காணி வந்தான். கூட்டத்தார் ஆதனை மறந்துவிட்டார்கள் என்று வருத்தத்தோடு சொல்லிப் போனான். இன்னொரு நாள் வந்து, முன்பிடியில் வேறு கை விழுந்துவிட்டது என்றான். மூன்றாம் முறை வந்தபோது அருகில் உட்கார்ந்தான்.

"அன்றைக்குக் கல்லுக்குத் தடைக்கட்டை வைத்தவன் பூதன்தானே, ஆதா? வேண்டுமென்றே உருவினான் என்று நாளைக்கு அரசனின் அதிகாரி முன்னால் நடந்து வந்து சொல். உன் பிடி உனக்கு."

அப்படிச் சொன்னால் பூதனின் கையை வெட்டுவார்கள். அது இருவருக்கும் தெரியும்.

கண்காணி போனதும் ஆதன், நடந்து பார்க்கலாம் என்று கட்டின் முதல் முடிச்சை அவிழ்த்தான். இரண்டாவது முடிச்சில் கை நின்றது. 'இத்தனை பேரைச் சந்தேகப்பட்டேன், இந்தப் பழக்காரனை ஏன் விட்டேன்? வெயிலில் ஒரு வாய் தண்ணீர் தராதவன் இவன். அவன் கிடக்கட்டும். படுத்த இடத்திலிருந்தே எல்லாருக்கும் தீர்ப்புச் சொன்ன என் மனதை ஒரு கேள்வி கேட்டேனா? முறிந்த காலை நம்பி நான் எழுந்து நடக்கவில்லை. அடிபட்ட மனதை நம்பி மட்டும் எவ்வளவு தூரம் நடந்துவிட்டேன்!'

முடிச்சைத் திரும்பப் போட்டான். பொழுது சாய்ந்து சாத்தி வந்ததும் கேட்டான்.

"வடத்தில் என் பிடியில் யார் கை?"

"பேசாதே அய்யா. எலும்பு அசையும்."

"அசைந்தால் மருதி திட்டிக்கொள்ளட்டும். தெரியாமல் கிடந்தால் நான் முழுசாக முறிந்துபோவேன். சொல்."

சாத்தி உள்ளங்கைகளை விரித்துக் காட்டினாள். வடம் அறுத்த தடம், அதன்மேல் கொப்புளம்.

"கண்காணி தன் ஆளை அங்கே நிறுத்தப் பார்த்தான். வீட்டாள் பிடித்தால் இடம் போகாது என்று பூதன்தான் வாதாடினான். நான் போய்ப் பிடித்தேன். குரலும் நான்தான் கொடுக்கிறேன். உன்னைவிட நன்றாக இருக்கிறதாம்."

அடிபட்ட நாளிலிருந்து ஆதன் அன்றுதான் சிரித்தான். சிரித்துவிட்டு அழுதான். பிறகு மனதில் இருந்த சந்தேகங்களை ஒவ்வொன்றாகக் கொட்டினான்.

"என்னையுமா?" என்றாள் சாத்தி.

"உன்னைத்தான் அதிகமாக."

"அப்படியானால் இன்றைக்குக் குழம்பு கிடையாது."

வெறும் சோற்றைத் தின்றான். தூங்கினான்.

மறுநாள் ஆதன் போகவில்லை என்றதும் கண்காணி அதிகாரியை வீட்டுக்கே அழைத்துவந்தான். ஈரச் சரிவில் கல் நழுவியது என்றும், தடைக்கட்டை கல்லுக்கடியில் நொறுங்கியதைத் தானே பார்த்ததாகவும் ஆதன் சொன்னான்.

"படுத்துப் படுத்து இவனுக்குப் புத்தி பேதலித்துவிட்டது," என்றான் கண்காணி.

"ஆமாம், கொஞ்ச நாள் பேதலித்துத்தான் கிடந்தேன். அந்த நாட்களில்தான் நீ பழம் கொண்டுவந்தாய்."

அதிகாரி எழுந்து போனான். பூதனின் கை தப்பியது. கண்காணிக்குத் தண்டனை கிடைத்ததா என்று கேட்காதீர்கள். அவனை வேறொரு கோட்டைக்கு அனுப்பினார்கள். அங்கேயும் யாராவது அடிபட்டுக் கிடந்திருப்பார்கள்.

இழுப்பவர்கள் அந்தப் பழைய வழக்கத்தை விட்டார்கள். அதன்பிறகு யார் அடிபட்டுக் கிடந்தாலும் மாறி மாறிப் பக்கத்தில் உட்கார்ந்து, வடத்தில் நடந்த எல்லாவற்றையும், கெட்ட செய்தியைக்கூட, மறைக்காமல் சொன்னார்கள். அவன் மனதில் இருப்பதையும் கேட்டார்கள்.

ஆகவே மக்களே, உடம்பில் அடிபட்டுக் கிடக்கும்போது தனிமையில் முளைக்கும் சந்தேகத்தை நம்பி ஓர் அடியும் எடுத்து வைக்காமல், உங்களைச் சேர்ந்தவர்களிடம் அதை வாய்விட்டுக் கேளுங்கள்.