உப்பறைச் சாவி

மாவுக்கு உப்பு எவ்வளவு என்று முறுக்குக் கம்பெனி முதலாளி தங்கப்பழம் ஒருத்திக்கும் சொல்லமாட்டார். உப்பறையைப் பூட்டிக்கொண்டு தானே கலப்பார். சொல்லிக்கொடுத்தால் ஓடிப்போய் எதிர்க்கடை போட்டுவிடுவார்களாம்! முறுக்கு சுற்றும் பூரணம் பத்து வருஷமாகக் கதவுக்கு வெளியேதான் நின்றாள்.

அன்றைக்குப் போனில் பேசிக்கொண்டே முதலாளி இரண்டு தடவை உப்பைப் போட்டுவிட்டார். முறுக்கை வாயில் வைத்த மொத்த வியாபாரி துப்பினார்.

"எவ கொட்டுனா? ஆளைக் காட்டு, இல்லன்னா நாளைக்கு ஒருத்தியும் வரவேண்டாம்!" என்று குதித்தார் தங்கப்பழம்.

பூரணத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "உப்பறைச் சாவி யார் இடுப்புல தொங்குதோ, அவங்கதான் கொட்டுனாங்க, முதலாளி."

"கரிக்குதுன்னு சொல்லித் தொலைச்சா என்ன?"

"சரியான அளவு எதுன்னு நீங்க சொல்லியிருந்தாத்தானே, தப்பு எதுன்னு நாங்க சொல்ல முடியும்?"

வியாபாரி எழுந்தார். "அந்தம்மாவுக்கு அளவைச் சொல்லிக்கொடும் ஓய். அப்புறம் சரக்கு எடுக்கிறேன்."

தங்கப்பழம் இடுப்புச் சாவியை அவிழ்த்தார்.