வளையம் வைத்த எழுத்து

எத்தியோப்பியாவில் ஒரு மலையுச்சியில் மடம் ஒன்று இருந்தது. அதன் குரு மெல்குவுக்கு வயது முப்பத்தாறு. சீடர் அசஃபாவுக்கு ஐம்பத்தெட்டு. நகரத்து அச்சகத்தில் இருபது வருடம் கம்ப்யூட்டரில் எழுத்துக் கோத்துவிட்டு, போதும் என்று மடத்தில் சேர்ந்தவர். நரைத்த தலையோடு சீடரா என்று யாரும் சிரிக்கவில்லை. மடத்துக் கம்ப்யூட்டரைத் தொடத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.

இறந்தவர்களின் பெயர்ப் பட்டியலைக் கம்ப்யூட்டரில் ஏற்றி அச்செடுத்துத் தருவது அவர் வேலை. ஒருவர் இறந்த நாற்பதாம் நாள், குரு அந்தத் தாளைப் பார்த்துப் பெயரை உரக்கப் படிப்பார். கூடியிருப்பவர்கள் அந்தப் பெயருக்காக வேண்டிக்கொள்வார்கள்.

ஒரு நாள் வாசிப்பு முடிந்து எல்லோரும் கலைந்தார்கள். ஒரு கிழவி மட்டும் வாசலை விட்டு நகரவில்லை. பின்மலைக்காரி, அங்கே பேச்சே வேறு. அவள் மகனுக்கு அன்றுதான் நாற்பதாம் நாள்.

"என் பிள்ளை பேரை ஏன் விட்டுட்டீங்க?"

குரு எதையும் விடவில்லை. தாளில் இருந்ததை இருந்தபடியே படித்திருந்தார். பின்மலைப் பெயர்களின் உச்சரிப்பு அவருக்குத் தெரியாது.

அவள் மகனின் பெயரைச் சொன்னாள். தன் பெயரையும் சொன்னாள். இரண்டும் ஒரே ஒலியில் தொடங்கின. அந்த ஒலிக்குப் பின்மலைக்காரர்கள் ஓர் எழுத்து வைத்திருக்கிறார்கள், தலையில் சின்ன வளையத்தோடு. தமிழிலும் அதற்கு எழுத்துக் கிடையாது. அதனால் அந்த இரண்டு பெயர்களையும் நான் இங்கே எழுதப்போவதில்லை.

அசஃபாவின் முகம் சுண்டிப்போனது.

"கம்ப்யூட்டர்ல ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு எண் இருக்கு, ஐயா. உலகத்துக்கே பொதுவான எண். இந்த எழுத்துக்கு இன்னும் தரலை. எண் இல்லேன்னா வெறும் கட்டம்தான் வரும். அதனால, அதுக்குப் பக்கத்துல வர்ற எழுத்தைப் போட்டுட்டேன்."

ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை. அச்சகத்தில் இருபது வருடமும் மனிதர் அப்படித்தான் ஒப்பேற்றியிருந்தார்.

"யாருக்காக வேண்டுறோம்னு கடவுளுக்குத் தெரியாதா, ஐயா?"

குரு கிழவியின் பக்கம் திரும்பினார். மகனின் பெயரை மூன்று முறை சொல்லச் சொல்லிக் கேட்டார். மறுபடி மணியடித்து எல்லோரையும் கூட்டி, பெயரை உரக்கச் சொன்னார். அவள் முந்தானையில் கண்ணைத் துடைத்துக்கொண்டு மலையிறங்கிப் போனாள்.

அது நோன்புக் காலம். பிற்பகலில் ஒரே ஒரு வேளைச் சாப்பாடு, ஆளுக்கு ஒரு ரொட்டி. அன்று குருவே பரிமாற வந்தார். அசஃபாவின் ரொட்டியை அடுத்திருந்த கிர்மா என்ற துறவியின் தட்டில் வைத்துவிட்டு நகர்ந்தார்.

"ஐயா, அது என்னோடது."

"கிர்மா உங்களுக்குப் பக்கத்துலதானே இருக்கார்?"

கிர்மா பாவம், ஒன்றும் புரியாமல் இரண்டாவது ரொட்டியைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார். அசஃபா தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்தார். வயிறு காந்தியது. அந்தத் தாய் கேட்ட கேள்வி அதைவிட அதிகமாகக் காந்தியது.

அன்றே, எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் அமைப்புக்கு, அந்த எழுத்துக்கும் எண் கேட்டு விண்ணப்பம் எழுத உட்கார்ந்தார். பாதியில் எழுந்து வந்து விண்ணப்பத்தைக் குருவிடம் கொடுத்தார்.

"எத்தனை பேர் இதை எழுதுறாங்கன்னு கேக்குறாங்க, ஐயா. பின்மலையில இருக்கிறதே மூணு ஊர். எழுதத் தெரிஞ்சவங்க நாற்பது பேர் தேறினா அதிகம்."

"நாற்பதுன்னு போடுங்க."

"எண் கிடைக்க அஞ்சாறு வருஷம் ஆகலாம். அந்த அம்மாவுக்கு இப்பவே எழுபதுக்கு மேல. அதுக்குள்ள அவங்க கண்ணை மூடிட்டா?"

குரு விண்ணப்பத்தை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

"மூடிட்டா, அவங்க பேரை எதை வச்சு எழுதுவீங்க?"