நாலு யானையும் ஊர்ப்பட்ட மாப்பிள்ளைகளும்

முன்னொரு காலத்தில், மாதம் மும்மாரி பெய்து, எதிரிகளும் சோம்பேறிகளாகிவிட்டதால் ராஜாவுக்கு வேலையே இல்லாமல் போன ஒரு நாடு இருந்தது. வேலை இல்லாத ராஜாவுக்கு ஆசை அதிகம். ஒரு நாள் காலையில் கனகசேகர மகாராஜா பல் துலக்கிக்கொண்டிருந்தபோது, அரண்மனைப் பெண்யானை குட்டி போட்ட சேதி வந்தது. அவர் வாயைக்கூடக் கொப்பளிக்காமல் ஆணையிட்டார்.

"வருகிற தை முகூர்த்தத்தன்று, தலைநகரில் எந்த மாப்பிள்ளை கேட்டாலும் ஊர்வலத்துக்கு அரண்மனை யானை தரப்படும். கேட்டவருக்கு இல்லை என்ற சொல் கிடையாது."

ஊர்வலம் போகத் தக்க யானைகள் அரண்மனை யானைக் கொட்டாரத்தில் நாலுதான் இருந்தன. அதை மகாராஜாவுக்கு யாரும் நினைவூட்டவில்லை. ராஜாவுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்துத் தலையை இழக்க யாருக்கு ஆசை?

ஓலைகள் வந்து குவிந்தன. கொட்டார அதிகாரிக்குத் தெரிந்தது ஒரே வழி, ஓலைக்கு ஒரு யானை. முதலில் வந்த நாலு ஓலைக்கு நாலு யானையையும் நாள் முழுவதற்கும் ஒதுக்கிவிட்டு, மற்றவர்களிடம் கையை விரித்தார். பெண் வீட்டாரும் பிள்ளை வீட்டாரும் அரண்மனை வாசலில் வந்து கூச்சல் போட்டார்கள். மகாராஜாவுக்கு முகம் சுருங்கிப் போயிற்று.

தளவாய் திருமலைக்கொழுந்து இதற்காகவே காத்திருந்தவர். சபையின் விகடகவி அம்பலக்கூத்தனுக்கு மகாராஜா தம் கையாலேயே வெற்றிலை மடித்துக் கொடுப்பார். அதைப் பார்க்கும்போதெல்லாம் தளவாய்க்கு வயிறு எரியும்.

"பிரபு, தங்கள் வாக்கைக் காப்பாற்றக் கூத்தனை விட்டால் ஆள் ஏது? பொறுப்பை அவரிடமே விடலாம். கேட்டவர்களில் ஒருவருக்கு யானை போகாவிட்டாலும், ஆயுள் முழுக்க அவர் கொட்டாரத்தில் இலத்தி அள்ளட்டும்."

வேடிக்கை என்றால் மகாராஜாவுக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். சம்மதித்துவிட்டார்.

அதோடு விட்டாரா தளவாய்? கூட்டாளிகளை எல்லாம் அழைத்து, தாங்களே மாப்பிள்ளை என்று ஆளுக்கொரு ஓலை போடச் சொன்னார். எல்லாரும் பிள்ளை குட்டிக்காரர்கள். தம் பெயரிலும் ஒன்று போட்டார். 'என் ஓலையை மறுக்க அவனுக்குத் தைரியம் வராது. என்னிடமே வந்து கெஞ்சுவான்' என்பது அவர் எண்ணம்.

அம்பலக்கூத்தன் ஓலைகளைக் கூடத்தில் கொட்டிவைத்துக்கொண்டு உட்கார்ந்தான். யார் முதலில் கேட்டார், யார் பெரியவர் என்றெல்லாம் அவன் பார்க்கவில்லை. எந்தத் தெரு, எந்த நேரம், எந்தக் கோயில் என்று மட்டும் பார்த்தான். ஒரே தெருவில் ஒரே நேரத்துக்குக் கேட்டவர்களைச் சேர்த்து வாழைநாரால் கட்டினான். மாப்பிள்ளையைக் கோயிலில் இறக்கிய பிறகு யானைக்கு அங்கே என்ன வேலை? பந்தலில் கட்டிய வாழைமரத்தைத் தின்னும், அவ்வளவுதான். ஆகவே காலையில் கீழத்தெருவை முடித்த யானை, வெயில் ஏறுவதற்குள் மேலத்தெருவுக்குப் போக வேண்டும் என்று பாகர்களிடம் சொல்லிவைத்தான்.

மூன்று யானைகளை இப்படிப் பங்கிட்டும் தெற்குத்தெரு மிஞ்சியது. சாயக்காரர்களும் செக்காட்டுகிறவர்களும் இருக்கிற தெரு அது. இன்னும் ஒரு யானை இருந்தால் சரியாகிவிடும். நாலாவது யானைதான் இருக்கிறதே என்பீர்கள். அதை விழுங்கத்தான் தளவாய் கூட்டத்தின் ஓலைகள் இருந்தன. கூத்தன் அவற்றைத் தனிக் கட்டாகக் கட்டினான். முதல்முறையாக அவனுக்கு வியர்த்தது.

முகூர்த்த நாள் விடிந்தது. மூன்று யானைகள் தெருத்தெருவாகப் போய்வந்தன. ஒரே அம்பாரியில் இரண்டு மாப்பிள்ளைகள். முன்னால் யார் உட்காருவது என்று சண்டை வந்தது. "முதலில் இறங்குகிறவர் முன்னால்" என்றார் பாகர். சண்டை அடங்கியது.

நாலாவதான பட்டத்து யானை, நெற்றிப்பட்டமும் நாதஸ்வரமுமாகத் தளவாய் வீட்டு வாசலில் போய் நின்றது. கூத்தன் மாலையும் கையுமாகக் குரல் கொடுத்தான். "மாப்பிள்ளையை வரச் சொல்லுங்கள். நல்ல நேரம் போகிறது."

வெளியே வந்தவர் தளவாயின் மனைவி சௌந்தரவல்லி. "எந்த மாப்பிள்ளை? எங்க வீட்டுல ஏதுய்யா கல்யாணம்?"

"தளவாய்தான் அம்மா. யானை கேட்டு ஓலை போட்டிருக்கிறார். மணப்பெண் யாரென்று தாங்கள் அவரிடமே கேட்கலாம்."

அந்த அம்மாள் உள்ளே போனார். போகிற வழியில் உலக்கையை எடுத்துக்கொண்டார் என்பது தெருவுக்கே தெரிந்தது.

"பேரன் எடுக்கிற வயசுல மாலை கேக்குதோ உமக்கு? எங்க அண்ணன்மாரு வரட்டும், ஜோரா நடத்திப்புடலாம்."

"அடியே, அது ராஜாங்க விஷயம்டி" என்ற தளவாயின் குரல் கேட்டது. அதற்கு மேல் நாதஸ்வரம்தான் கேட்டது.

சேதி யானையைவிட வேகமாகப் போயிற்று. அடுத்த வளைவில் யானை திரும்புவதற்குள் தளவாயின் கூட்டாளிகள் வேட்டி அவிழ ஓடிவந்து தங்கள் ஓலைகளைக் கெஞ்சி வாங்கிக்கொண்டார்கள். பட்டத்து யானை நேரே தெற்குத்தெருவுக்கு நடந்தது. அந்தி மங்குவதற்குள் கடைசிச் சாயக்கார மாப்பிள்ளையும் பட்டத்து யானை மேல் ஏறிவிட்டான். அவன் தாய் அழுதுகொண்டே சிரித்தாள்.

மறுநாள் தளவாய் நெற்றியில் பற்றுப் போட்டுக்கொண்டு சபைக்கு வந்தார்.

"பிரபு, இவன் என்னைச் சந்தி சிரிக்க வைத்துவிட்டான்."

"கேட்டவருக்கு இல்லை என்று சொல்லக்கூடாது என்பது தங்கள் ஆணை, பிரபு" என்றான் கூத்தன். "தளவாய் கேட்டார். பெரிய மனிதர் ஆயிற்றே என்று பெரிய யானையாக அனுப்பினேன். வேண்டாம் என்று திருப்பியது அவர்கள் வீட்டு அம்மாள்."

"தளவாயே, நீர் யானை கேட்டது உண்மையா?" என்றார் மகாராஜா.

உண்மை என்றால் வீட்டுக்குப் போக முடியாது. பொய் என்றால் சபையில் நிற்க முடியாது. தளவாயின் கை தானாக நெற்றிப் பற்றுக்குப் போயிற்று. மகாராஜா சிரித்த சிரிப்பில் கிரீடம் நழுவி மடியில் விழுந்தது.

"கூத்தா, என் வாக்கைக் காப்பாற்றினாய். இந்தா ஆயிரம் பொன். அதோடு, பட்டத்து யானை மேல் உன்னை ஏற்றி, மாலை மரியாதையுடன் மேளதாளத்தோடு உன் வீட்டு வாசல் வரை கொண்டுபோய் விடச் சொல்கிறேன்."

கூத்தன் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான்.

"பொன் போதும் பிரபு, நான் நடந்தே போகிறேன். என் வீட்டிலும் உலக்கை இருக்கிறது."