கேம் என்றால் விளையாட்டு

அந்தக் காலத்தில், காட்டு உயிர்களெல்லாம் ஒன்றோடொன்று பேசிக்கொண்டிருந்தபோது, மலை மைனா தான் சொல்லும் ஒவ்வொரு சொல்லுக்கும் அர்த்தமும் சேர்த்துச் சொல்லும். யாரும் கேட்க வேண்டியதில்லை. போதும் தாயே என்று கும்பிட்டாலும் விடாது.

தெற்கு மலையில் அப்படி ஒரு மைனா இருந்தாள். காடே அவளை மைனி என்றுதான் கூப்பிட்டது. அந்தப் பக்கத்தில் அண்ணன் பெண்டாட்டிக்குத்தான் மைனி என்று பெயர். கொஞ்சம் உறவு, கொஞ்சம் கேலி.

மலைமேல் ஒரு வெள்ளைக்காரத் துரை மரங்களை வெட்டிக் காப்பித் தோட்டம் போட்டு, பங்களாவும் கட்டிக் குடியேறினார். மைனி அந்தக் கூரையோரம் உட்கார்ந்து உட்கார்ந்தே இங்கிலீஷ் படித்துவிட்டாள். ‘வாட்டர்’ என்றால் தண்ணீர். ‘கம்’ என்றால் வா. ‘ஷட் அப்’ என்றால் சமையல்கார மிக்கேல் வாயை மூட வேண்டும். துரையின் நாய்க்கு டைகர் என்று பெயர். அப்படியென்றால் புலி என்று மைனி வந்து சொன்ன அன்று, காடு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

இப்படியாக அவள் துரைமார் பேச்சைப் பெயர்த்துச் சொல்லும் துபாஷி ஆனாள், காட்டுக்கே. அத்தி பழுத்தால் முதல் கொத்து அவளுக்கு. கரடிகூட ஒதுங்கி நின்று வழிவிடும். இந்த மரியாதைதான் பாவி மகளைக் கெடுத்தது. எந்தச் சொல்லைக் கேட்டாலும் பதில் சொல்வாள். ‘தெரியாது’ என்ற ஒன்றைத் தவிர எல்லாம் அவள் வாயில் வரும்.

அவளுடைய உயிர்த்தோழி ஆவுடை என்ற மிளா. கொம்பில்லாத பெட்டை மான், ஆனால் மாடு மாதிரி உயரம். முதல் இரண்டு கன்றுகளையும் செந்நாய்களுக்குப் பறிகொடுத்தவள். மூன்றாவதாக அந்த மழைக்காலத்தில் பிறந்தது செல்லி. ஆவுடை அந்தக் கன்றை நக்கி நக்கியே பொழுதைப் போக்கினாள்.

மழை விட்டதும் பங்களா அமளிப்பட்டது. கூடாரத் துணிகள் வந்தன, நீளநீளப் பெட்டிகள் வந்தன, இன்னும் நாலு துரைமார் குதிரையேறி வந்தார்கள். மிளாக் கூட்டம் மேய்ச்சலை விட்டுவிட்டுக் கூடிக் கூடிப் பேசியது. ஆவுடை மைனியிடம் வந்தாள்.

“வாரவனுவ எதுக்கு வாரானுவன்னு நீதான் கேட்டுச் சொல்லணும், மைனி. அந்தால மேற்கு சரிவுக்குப் போயிருவோம்னு எல்லாரும் சொல்லுதாவ. நடுவுல செந்நாய்க் கூட்டம் கெடக்கே. செல்லிக்கு இன்னும் காலு ஊனல. நானே கொண்டுபோயி அவளச் சாவக் குடுக்கவா?”

“இதுக்கா மூஞ்சத் தொங்கப் போட்டுக்கிட்டு நிக்க? நாளைக்குக் காலைல கேட்டுட்டு வந்துருதேன்.”

மறுநாள் காலையில் துரைமார் தாழ்வாரத்தில் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். பங்களாத் துரை கையை நீட்டி, மிளாக்கள் மேயும் புல்வெளியைக் காட்டினார்.

“பிளென்டி ஆஃப் கேம் ஹியர்,” என்றார்.

மைனிக்கு உச்சி குளிர்ந்தது. ஒவ்வொரு சொல்லும் தெரிந்த சொல். பிளென்டி என்றால் நிறைய. ஹியர் என்றால் இங்கே. கேம் என்றால் விளையாட்டு. துரையின் மகள்கள் இரண்டு பேரும் வாசல் புல்லில் பந்தடித்துவிட்டு, “ஒன் மோர் கேம்!” என்று குதிப்பதை அவள் எத்தனை நாள் பார்த்திருக்கிறாள்! ஆக, துரைமார் புல்வெளியில் விளையாட வந்திருக்கிறார்கள். அவ்வளவுதான் சங்கதி.

ஆனால் அந்தச் சொல் காதில் விழுந்ததும் டைகர் எழுந்து நின்றதையும், அதன் வாயில் எச்சில் ஒழுகியதையும் அவள் பார்த்தாள். துரைசானி ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டைப் பற்றிப் பேசும்போதும் மிக்கேலிடம் அதே சொல்லைச் சொல்வது நினைவுக்கு வந்தது. சாப்பாட்டில் என்ன விளையாட்டு? ஒரு கணம் மனது நெருடியது. டைகரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். சங்கிலியில் கட்டிப்போட்ட நாயிடம் போய்த் துபாஷி அர்த்தம் கேட்பதா? பறந்து வந்துவிட்டாள்.

“வெளாட வந்திருக்காவ,” என்றாள் ஆவுடையிடம். “பந்தடிப்பாவ, ஓடுவாவ, போயிருவாவ. நீ எங்கயும் போவாண்டாம்.”

“நல்லாத் தெரியுமா மைனி?”

“எங்கிட்டயா கேக்க?”

அதற்குமேல் ஆவுடை கேட்கவில்லை. கூட்டத்தில் பாதி மேற்கே போயிற்று. மைனி பேச்சை நம்பி மீதிப் பாதி புல்வெளியிலேயே நின்றது. அடுத்த நாள் மைனியும் விளையாட்டைப் பார்க்கலாம் என்று ஓரத்து நாவல் மரத்தில் வந்து உட்கார்ந்தாள். மூடுபனி விலகி வெயில் ஏறும் நேரம். முரசும் கூச்சலுமாய் ஆட்கள் ஒரு பக்கத்திலிருந்து மிளாக்களை விரட்டினார்கள். மறுபக்கம் துரைமார் துப்பாக்கியோடு நின்றார்கள். பந்து எங்கே என்று மைனி தேடினாள். அவள் தேடி முடிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

ஏழு மிளாக்கள் விழுந்தன. ஏழாவது செல்லி. ஓடத் தெரியாமல் தாயைத் தேடி நடுப்புல்லில் நின்றிருந்தது.

மோப்பம் பிடித்து ஓடிவந்த டைகர் நாவல் மரத்தடியில் மூச்சிரைக்க நின்றது. மைனி கீழ்க்கிளைக்கு இறங்கி வந்து கேட்டாள். கேட்க வேண்டிய நாளில் கேட்காததை இன்று கேட்டாள்.

“கேம்னா வெளாட்டுதான?”

“சின்னப் பிள்ளைக சொன்னா வெளாட்டு,” என்றது நாய். “துப்பாக்கிய வச்சுக்கிட்டுச் சொன்னா, சுட்டுத் திங்கிற மிருகம். ரெண்டுக்கும் ஒரே சொல்லுதான். எங்கிட்டக் கேட்டிருந்தா அன்னைக்கே சொல்லிருப்பேனே, மைனி.”

துரைமார் பிணங்களைக் கம்பில் கட்டித் தூக்கிக்கொண்டு போனார்கள். பிறகு ஆவுடை புதரிலிருந்து வெளியே வந்தாள். குண்டு அவள் காதைக் கிழித்துவிட்டுப் போயிருந்தது. செல்லி கிடந்த இடத்தில் புல் மட்டும் படுத்துக்கிடந்தது. அந்தப் புல்லை நக்கினாள். பிறகு மரத்தடிக்கு வந்து நிமிர்ந்து பார்த்தாள். அவள் கண்ணில் கோபம் இல்லை. இருந்திருந்தால் மைனிக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

“நீ சரியாத்தான் கேட்டிருப்ப,” என்றாள் ஆவுடை. “அந்தச் சொல்லுக்கு வேற அர்த்தமும் உண்டா மைனி?”

மைனிக்கு இப்போது அர்த்தம் தெரியும். சொல்வதற்கு அலகைத் திறந்தாள். சொன்னால், உன் மகள்தான் அந்த அர்த்தம் என்று பெற்றவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். அது அவளால் ஆகவில்லை. அவள் வாயிலிருந்து அந்தத் துரையின் குரல் அப்படியே வந்தது.

“கேம்,” என்றாள்.

“அது தெரியும் தாயி. அப்படின்னா என்ன?”

“கேம். கேம்.”

ஆவுடை அந்தி சாயும்வரை அந்த மரத்தடியிலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு தனியாக மேற்குச் சரிவைப் பார்த்து நடந்துபோனாள். மைனி அழுதாள், அழுகையும் அவளுக்கு யாரோ ஒருவருடைய குரலில்தான் வந்தது.

அன்று முதல்தான் மலை மைனா, எந்த மனிதர் எதைச் சொன்னாலும் அச்சுப் பிசகாமல் திருப்பிச் சொல்கிறது, அர்த்தம் கேட்டால் மட்டும் தலையைச் சாய்த்துக்கொண்டு அதே சொல்லைத்தான் மறுபடியும் சொல்கிறது.