கூட்ஸ் வண்டி ஏன் ஒதுங்கி நிற்கிறது?

அந்தக் காலத்தில் ரயில்கள் வாய் திறந்து பேசும். சிக்னல் என்று ஒன்று கிடையாது. ஸ்டேஷனுக்கு யார் முந்தி வருகிறார்களோ அவர்களுக்குத்தான் பிளாட்பாரத் தடம். மனம் இருந்தால் பக்கத்துத் தடத்துக்கு ஒதுங்கி, பின்னால் வருபவருக்கு வழி விடலாம். இல்லாவிட்டால் ஏன் என்று யாரும் கேட்க முடியாது.

அப்படி ஒரே பாதையில் கூட்ஸும் பாசஞ்சரும் ஓடிக்கொண்டிருந்தன. பாசஞ்சருக்கு ஊரெல்லாம் உறவு. வேலைக்குப் போகிறவர்கள் காலையில் அதில் தொற்றிக்கொண்டு போவார்கள். மாலையில் வீட்டு ஆட்கள் வந்து காத்திருப்பார்கள். கையாட்டுவது, கண்ணைத் துடைத்துக்கொள்வது எல்லாம் அதற்குத்தான். கூட்ஸுக்கு என்ன இருந்தது? நிலக்கரி. நிலக்கரி பேசுமா? பாவம், இரவும் பகலும் தன்னந்தனியாக ஓடியது. நம்மைப் பார்த்து ஒருவராவது ஒரு வார்த்தை பேச மாட்டார்களா என்று ஏங்கியது.

ஒரு நாள் சாயங்காலம் நொச்சியோடை ஸ்டேஷனுக்குக் கூட்ஸ் முந்தி வந்தது. பிளாட்பாரம் முழுக்க ஜனம். எல்லோரும் தன்னைப் பார்க்கத்தான் வந்திருக்கிறார்கள் என்று அது நினைத்துவிட்டது. பைத்தியம்! சந்தோஷத்தில் அங்கேயே நின்றுவிட்டது.

பின்னால் வந்த பாசஞ்சர், "அண்ணா, கொஞ்சம் ஒதுங்கிக்க" என்று கூவியது.

"இன்னிக்கு ஒரு நாள் நின்னுக்கறேன், பொறு" என்றது கூட்ஸ்.

கூட்டத்திலிருந்து வேலாத்தா என்பவள் எஞ்சின் பக்கம் ஓடி வந்தாள்.

"சாமி, எங்கம்மா அடுத்த ஊர்ல சாகக் கெடக்குது. அந்த வண்டி வந்தாத்தான் நான் போக முடியும். வழிய உடு சாமி."

தன்னிடம் ஒரு மனுஷி பேசுகிறாள்! அந்தக் குரலே கூட்ஸுக்குப் போதுமாக இருந்தது. சொன்ன சேதியின் அவசரம் மனதில் உறைக்கவில்லை.

"இன்னுங் கொஞ்சம் பேசுங்க அம்மிணி" என்றது.

அவள் கெஞ்சினாள், அழுதாள். கூட்ஸ் ஆசையாகக் கேட்டுக்கொண்டே நின்றது. அவளுக்குத் தொண்டை கட்டிப் பேச்சு நின்ற பிறகுதான் நகர்ந்தது.

சில நாள் கழித்து அதே ஸ்டேஷனில் வேலாத்தா தனியாக உட்கார்ந்திருந்தாள். தெரிந்த முகத்தைக் கண்டதும் கூட்ஸுக்குத் தலைகால் புரியவில்லை.

"அம்மிணி, சௌக்கியங்களா? அம்மாவப் பாத்தீங்களா?"

"நான் போறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சு போச்சு" என்றாள் வேலாத்தா. "நான் வருவன்னு கடைசி வரைக்கும் வாசலையே பாத்துக்கிட்டிருந்துச்சாமா."

கூட்ஸ் இடிந்துபோனது. ஆள் வராத வழியைப் பார்த்துக் கிடப்பது எப்படி இருக்கும் என்று அதற்குத் தெரியாதா?

"என்னை நல்லாத் திட்டுங்க அம்மிணி."

"உன்னத் திட்டுனா எங்கம்மா எந்திரிச்சு வருமா?" அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதற்குப் பிறகு அவள் அதனுடன் பேசவே இல்லை.

தூரத்தில் பாசஞ்சரின் சத்தம் கேட்டது. யாரும் சொல்லாமலே கூட்ஸ் மெல்ல நகர்ந்து பக்கத்துத் தடத்துக்குப் போய் நின்றது.

அன்று தொட்டுத்தான் ஆள் ஏறும் வண்டி பின்னால் வந்தால் கூட்ஸ் ஒதுங்கி, வாய் திறக்காமல், எத்தனை நேரமானாலும் தனியாக நிற்கிறது. நாம் அதைக் கடந்து போய் நம் அம்மாவின் முகத்தைப் பார்த்துவிடுகிறோம்.