நெற்றிப்பொட்டில் கேட்காத சத்தம்

குருவைவிடச் சீடருக்குத்தான் வயது கூட. டாக்டர் நஸீமாவுக்கு நாற்பது. அவரிடம் தொழில் பழக வந்த டாக்டர் பொன்னுரங்கத்துக்குத் தலை முழுக்க நரை. பிடிவாதத்தில் அந்த அம்மாளை மிஞ்ச ஆளில்லை என்பது ஆஸ்பத்திரி வாட்ச்மேன் வரைக்கும் தெரிந்த சங்கதி.

தொழில் இதுதான். அல்ட்ராசவுண்ட் கருவியை நெற்றிப்பொட்டில் வைத்தால் மூளையின் ரத்தக்குழாய்கள் திரையில் தெரியும். ஓடும் ரத்தம் உஷ், உஷ் என்று காதில் கேட்கும்.

அன்று காலை பொன்னுரங்கம் குழந்தையம்மாளின் இரண்டு நெற்றிப்பொட்டிலும் கருவியை வைத்துப் பார்த்தார். தலைக்குள் குழாய் வெடித்து நினைவில்லாமல் கிடந்த பெண்மணி அவர். மூச்சை இயந்திரம் விட்டுக்கொண்டிருந்தது. மயக்க மருந்து ஏறியிருந்ததால் மற்ற சோதனைகளை நம்ப வழியில்லை. உயிர் உண்டா இல்லையா என்பது இந்தச் சத்தத்தைப் பொறுத்தது. சத்தமே இல்லை. ‘ரத்த ஓட்டம் இல்லை’ என்று எழுதிவிட்டார்.

துறைத் தலைவர் கோதண்டபாணி அதை வாங்கிப் படித்தார்.

“நஸீமா, நீங்களும் கையெழுத்துப் போட்டுடுங்க. வெளியே மகன்கிட்ட சொல்லணும். மெஷினை எடுத்துட்டா, கீழே ஒரு பிள்ளைத்தாய்ச்சி இந்த பெட்டுக்குக் காத்திருக்கு.”

“போட மாட்டேன் சார்.”

பொன்னுரங்கத்துக்குச் சுருக்கென்றது. “ரெண்டு பக்கமும் நல்லா தேடினேன் மேடம். சத்தம் இல்லைன்னா ஓட்டம் இல்லைன்னுதானே அர்த்தம்?”

நஸீமா முக்காட்டை ஒதுக்கி, தன் நெற்றிப்பொட்டில் ஜெல்லைத் தடவிக்கொண்டார். கருவியைத் துடைத்துப் பொன்னுரங்கத்தின் கையில் கொடுத்தார்.

“எனக்கு வச்சுப் பாருங்க.”

வைத்தார். நகர்த்தினார், சாய்த்தார், மறுபக்கமும் தேடினார். ஒரு முனகல்கூட வரவில்லை. கருவிதான் கெட்டுவிட்டது போலும் என்று தன் பொட்டில் வைத்தார். உஷ், உஷ் என்று அறை முழுக்கக் கேட்டது.

“சில பேருக்கு இங்கே எலும்பு தடிமன். சத்தம் உள்ளே போகாது. எனக்கும் அப்படித்தான்” என்றார் நஸீமா. “எழுதுங்க சார், நானும் செத்தாச்சுன்னு.”

பொன்னுரங்கத்துக்கு வெட்கத்தைவிட பயம்தான் அதிகம் வந்தது. வெளியே அந்த மகனிடம் இன்னும் யாரும் எதுவும் சொல்லவில்லை என்பது ஒன்றே ஆறுதல்.

“விளையாட இது நேரமில்லை” என்றார் கோதண்டபாணி.

“நானும் விளையாடலை.”

நர்ஸும் பொன்னுரங்கமும் குழந்தையம்மாளை மெல்ல ஒருக்களித்துப் படுக்க வைத்தார்கள். பின்கழுத்துக் குழியில் எலும்பு மறிக்காத ஒரு வழி உண்டு. நஸீமா அந்த இடத்தை விரலால் தொட்டுக் காட்டினார். பொன்னுரங்கம் அங்கே கருவியை வைத்தார்.

முதலில் ஒன்றுமில்லை. கொஞ்சம் மேலே சாய்த்தார்.

உஷ்.

மெலிதாகத்தான். ஆனால் விடாமல் வந்தது.

பொன்னுரங்கம் தான் எழுதியதைக் கிழித்துப் போட்டார்.

“இதனால அந்த அம்மா பிழைச்சிடுமா?” என்றார் கோதண்டபாணி.

“தெரியாது சார்.”

“சரி, கழுத்துலயும் கேட்காம போயிருந்தா? அப்ப கையெழுத்துப் போட்டிருப்பீங்க இல்ல?”

“அப்பவும் போட மாட்டேன்.” நஸீமா முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டார். “ரத்தம் நின்னுபோனா அதுக்கும் ஒரு சத்தம் உண்டு சார். உள்ளே போக முடியாம முட்டி முட்டித் திரும்பும். சாவையும் என் காதால கேட்டாத்தான் எழுதுவேன்.”