பாதிப் பாட்டுக் குருநாதர்

விடியற்காலை ஐந்து மணி. குளக்கரையில் ஏழு மாணவர்கள். முன்வரிசையில் நின்ற எருமையின் பெயர் வெள்ளச்சி.

வெள்ளச்சிக்குப் பதினெட்டு வயது. எருமைக் கணக்கில் அது நடுவயதைத் தாண்டிய காலம். கன்றுகள் வளர்ந்து வேறு வேறு குளங்களுக்குப் போய்விட்ட பிறகு, பன்னிரண்டாம் வயதில்தான் அது ஹிந்துஸ்தானி சங்கீதம் கற்கச் சேர்ந்தது. சாவதற்குள் ஒரே ஒரு பாட்டை முழுதாகப் பாடிவிட வேண்டும். அதற்கு வேறு ஆசை எதுவும் இல்லை.

குருவின் பெயர் கோமல்நாத். அது ஒரு சோலைப்பாடிக் குருவி. வடக்கே இமயமலை அடிவாரத்தில் கற்றுத் தேர்ந்த பறவை. நீண்ட வால், செம்பழுப்பு மார்பு, தேன் போன்ற குரல். கூடவே தலைக்கனம்.

சேர்ந்த அன்றே குரு வெள்ளச்சியின் கொம்பில் சிவப்புக் கயிறு கட்டியது.

"இது எங்கள் வழக்கம். கயிறு கட்டிய பிறகு வேறு யாரிடமும் ஒரு ஸ்வரம்கூடக் கேட்கக்கூடாது. கேட்டால் உறவு அறுந்தது!"

"சரிங்க குருஜி" என்றது வெள்ளச்சி.

முதல் இரண்டு ஆண்டுகள் ஒரே ஸ்வரம். கீழ் ஸா மட்டும். தினமும் விடியலில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று, மூச்சு தீரும்வரை 'ஸா' பிடிக்க வேண்டும். வெள்ளச்சி பிடித்தது. அதற்குப் பிறகு இரண்டு ஆண்டுகள் ஸ்வர வரிசைகள். அதையும் பாடியது. வகுப்பு முடிந்ததும் குருவின் மரத்தடியில் போய் நிற்கும். அதன் முதுகில் மொய்க்கும் ஈக்களைக் குரு ஒவ்வொன்றாகப் பிடித்துத் தின்னும். இதற்குப் பெயர் குரு சேவை.

ஐந்தாம் ஆண்டில்தான் ஒரு பாட்டு கிடைத்தது. பைரவ் ராகம். விடியலில் பாடுவது.

"அக்கரை போகணும், ஓடக்காரா, எப்போது வருவாய்?"

இது பாட்டின் முதல் பாதி. இதை ஸ்தாயி என்பார்கள். இரண்டாம் பாதிக்கு அந்தரா என்று பெயர். ஓடக்காரன் சொல்லும் பதில் அதில்தான் வரும். குரல் மேல் ஸாவைத் தொடுவதும் அங்கேதான்.

ஒன்றரை ஆண்டாக வெள்ளச்சி கேட்டுக்கொண்டே இருந்தது. "ஓடக்காரன் வந்தானா குருஜி? அந்தராவைச் சொல்லிக்கொடுங்களேன்!"

கோமல்நாத் தன் குருவை நினைத்து, மரியாதைக்காக இறக்கையால் காதைத் தொட்டுக்கொள்ளும். பிறகு பெருமூச்சு விடும்.

"உன் தொண்டை இறுகிப்போன தொண்டை வெள்ளச்சி! வயதான பிறகு வந்தால் இப்படித்தான். அந்தராவை இந்தத் தொண்டை தாங்காது. இன்னும் நான்கு ஆண்டுகள் ஸ்தாயி பாடு. பார்க்கலாம்."

வெள்ளச்சி தலைகுனிந்து திரும்பும். தப்பு தன்மேல்தான் என்று நம்பியது. விடியலுக்கு முன்பே எழுந்து கூடுதலாக ஒரு மணி நேரம் பாடியது. தொண்டைக்கு நல்லது என்று கசப்பு வேர்களைத் தேடித் தேடித் தின்றது.

கூடப் படித்த முள்ளம்பன்றி ஈட்டியப்பனுக்கு வாய் சும்மா இருக்காது.

"ஏன் அக்கா, நீங்க பாட்டுக் கத்துக்க வந்தீங்களா, ஈ வளர்க்க வந்தீங்களா?"

"வாயை மூடுடா! குரு காதில் விழப்போகுது."

"விழட்டுமே! எனக்கும் ஏழு வருஷமா அதே ஓடக்காரன்தான். அவன் அக்கரையில செத்தே போயிருப்பான்!"

மார்கழியில் இமயமலையிலிருந்து ஒரு வாலாட்டிக் குருவி வலசை வந்தது. மேய்ந்துகொண்டிருந்த வெள்ளச்சியின் முதுகில் உட்கார்ந்து பூச்சி தேடியது. வெள்ளச்சி தன்னை மறந்து பாட்டை முணுமுணுத்தது.

வாலாட்டி துள்ளி எழுந்தது. "இது எங்கள் குருநாதரின் பாட்டாயிற்றே! உனக்கு யார் சொன்னது?"

"கோமல்நாத் குருஜி."

"கோமலா? நானும் அவனும் ஒரே கிளையில் உட்கார்ந்து கற்றவர்கள்!"

வெள்ளச்சியின் கொம்பில் கயிறு இருந்தது. வேறு யாரிடமும் கேட்கக்கூடாது. ஆனாலும் கேட்டுவிட்டது.

"ஐயா, அந்தராவை ஒரே ஒரு தடவை பாடிக் காட்டுங்க. கேட்டுக்கிறேன். பாடக்கூட மாட்டேன்!"

வாலாட்டி வாலை ஆட்டவில்லை. அது அபூர்வம்.

"அம்மா, அது எனக்குத் தெரியாது. கோமலுக்கும் தெரியாது. நாங்கள் பதினொரு சீடர்கள். முழுப் பாட்டையும் கொடுத்தால் எல்லோரும் பறந்துவிடுவோம் என்று குருநாதருக்குப் பயம். அந்தராவைக் கடைசிவரை மறைத்தே வைத்திருந்தார். ஒரு பனிக்காலத்தில் இறந்துவிட்டார். அந்தராவும் அவரோடு போய்விட்டது."

"அப்படின்னா... என் தொண்டை?"

"உன் தொண்டைக்கு என்ன? மணி மாதிரி இருக்கிறதே!"

வெள்ளச்சி மேய்வதை நிறுத்தியது. அன்று முழுவதும் அது ஒரு புல்லைக்கூடக் கடிக்கவில்லை.

மறுநாள் வகுப்பு முடிந்ததும் நேரே போய்க் கேட்டது. "குருஜி, அந்தரா உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா? ஒரு வார்த்தை சொல்லுங்க."

கோமல்நாத்தின் சிறகுகள் சிலிர்த்தன. "யாரிடம் பேசிவிட்டு வந்தாய்? கயிறு கட்டியவள் கேட்கும் கேள்வியா இது?"

"தெரியுமா, தெரியாதா?"

"தகுதி வந்தால் தானாகத் தெரியும்! போ, மரத்தடியில் நில்!"

வெள்ளச்சி மரத்தடிக்குப் போகவில்லை. அன்று குரு ஈ இல்லாமல் இருந்தது.

மாசியில் காட்டுச் சபை கூடியது. தலைமை தாங்கியது தலைவி யானை. கோமல்நாத் மேடைக்கிளையில் அமர்ந்தது. சீடர்கள் கீழே நின்றார்கள். குரு மூச்சு வாங்கும்போது பாட்டு அறுந்துவிடாமல் சீடர்கள் எடுத்துப் பாட வேண்டும் என்பது ஏற்பாடு.

கோமல்நாத் ஸ்தாயியைப் பாடியது. அதையே வளைத்தது, உருட்டியது, கொட்டியது. கூட்டம் சொக்கிப்போனது. குரு மூச்சு வாங்கியது. வெள்ளச்சி ஸ்தாயியை எடுத்து ஒரு பிசிறும் இல்லாமல் பாடி முடித்தது. பிறகு நிமிர்ந்து நின்றது.

"சபைக்கு ஒரு வார்த்தை. இதுக்கு மேல எங்க குருஜிக்குத் தெரியாது!"

காடே இரைந்தது. கோமல்நாத் கத்தியது. "துரோகி! கயிற்றைக் கட்டிக்கொண்டு வேறொருவனிடம் கேட்டவள் இவள்!"

"ஆமாம், கேட்டேன்! நீங்க சொல்லாததைக் கேட்டேன்!" வெள்ளச்சியின் குளம்பு தரையைக் கிளறியது. "தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லியிருக்கலாம். அதுல ஒரு அவமானமும் இல்ல. உங்களை அப்பவும் கும்பிட்டிருப்பேன். என் தொண்டை இறுகிப்போச்சுன்னு சொன்னீங்களே! நான் அதை நம்பினேனே! தினம் தினம் என்னையே திட்டிக்கிட்டு எழுந்தேனே!"

தலைவி யானை துதிக்கையை உயர்த்தியது. கூட்டம் அடங்கியது.

"கோமல்நாத், இரண்டாம் பாதியைப் பாடு."

"இன்று... கொஞ்சம் ஜலதோஷம்."

"ஏழு வருஷமாவா?" என்றது ஈட்டியப்பன். குரங்குகள் விழுந்து விழுந்து சிரித்தன. வரிசையில் நின்ற முயல் மட்டும் சிரிக்கவில்லை. "எனக்கு ஒன்பது வருஷம்" என்று சொல்லி அழுதது.

யானை மறுபடி கேட்டது. கோமல்நாத் அலகைத் திறந்தது. ஒன்றும் வரவில்லை. மூடிக்கொண்டது.

வெள்ளச்சி அப்போது யாரும் எதிர்பார்க்காததைச் செய்தது. அந்தராவைத் தானே இட்டுக்கட்டிப் பாடியது.

"ஓடம் என்னிடம் இல்லையம்மா, நீந்தி வா!"

மேல் ஸாவில் குரல் உடைந்தது. மறுபடி பிடித்தது. இரண்டு நொடி நின்றது. அவ்வளவுதான். இதற்குக் கைதட்டலாமா கூடாதா என்று கூட்டத்துக்குத் தெரியவில்லை. யாரும் தட்டவில்லை. வெள்ளச்சி அதைப் பொருட்படுத்தவும் இல்லை.

"சபை உனக்கு என்ன செய்யணும் சொல்லு" என்றது யானை.

"ஆறு வருஷம் வேணும். இப்ப மூச்சு வாங்குது. மூச்சு வாங்காத அந்த ஆறு வருஷம் வேணும். தர முடியுமா?"

யானை துதிக்கையைத் தொங்கவிட்டது. கோமல்நாத் கிளையில் திரும்பி உட்கார்ந்து, தன் பாட்டைப் புரிந்துகொள்ளும் தகுதி இந்தக் காட்டுக்கே இல்லை என்று முணுமுணுத்தது. அப்போதும் 'தெரியாது' என்ற ஒரு சொல் அதன் வாயில் வரவில்லை.

அடுத்த ஆண்டு மாசி மாதம் பதினான்காம் தேதி, காட்டுச் சபை ஒரே வரியில் ஒரு தீர்மானத்தை நிறைவேற்றியது: தன் அறியாமையை மறைப்பதற்காக மாணவர்மேல் குறை சொல்லும் ஆசிரியர், அந்த மாணவரின் ஆயுளைத் திருடுகிறார்.